தாய்வழி

பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூரணம் உட்கார்ந்து கால்மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவம், அட்டையில் கவ்வி வைத்தது. மேல்பாதியை வேணி நிரப்பியிருந்தாள். கர்ப்பிணியின் பெயர், கிருஷ்ணவேணி. வயது, இருபத்தெட்டு. எத்தனையாவது வாரம், பதினொன்று. கணவர் பெயர், தனசேகர். உடன்பிறந்தவர்கள், தம்பி ஒருவர், கதிரேசன், தசைச் சிதைவு நோய், பத்தொன்பது வயதில் மரணம். தந்தைவழி உறவினர்களில் யாருக்காவது இந்நோய் உண்டா, இல்லை. அதற்குக் கீழே தாய்வழி என்று தலைப்புப் போட்டு நாலு கோடுகள். அங்கே வந்ததும் வேணி எழுதுவதை நிறுத்தி, "இது உனக்குத்தான் தெரியும். நீயே எழுதும்மா" என்று அட்டையோடு தூக்கித் தாயின் மடியில் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த டோக்கன் பலகையைப் பார்க்க ஆரம்பித்தவள்தான், இன்னும் திரும்பவில்லை. பலகையில் சிவப்பு எழுத்தில் பதினாறு ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுடையது இருபத்தொன்று. அஞ்சு பேர். ஒருவருக்குப் பத்து நிமிஷம் என்றாலும் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் எழுதிவிடலாம், இல்லை என்று மூன்று எழுத்து, அதை எழுத எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவளா என்ன. அளவு நோட்டில் தினமும் இருபது பேருடைய மார்பளவு, இடுப்பளவு, கையின் சுற்றளவு என்று எழுதித் தள்ளுகிறவள்தானே. அருப்புக்கோட்டையில் பூரணம் தைத்த ஜாக்கெட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டு போகலாம் என்று பேர் வாங்கியவள். ஆனால் பேனா நகரவில்லை. ஏசி வேறு உச்சந்தலையில் இறங்கியது. வெளியே மதுரை வெயில் ஆளை உரிக்கிறது, உள்ளே இப்படிப் பிணம் கெடாமல் வைக்கிற மாதிரி ஒரு குளிர். பிணம் என்று நினைத்ததும் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். புள்ளத்தாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நினைக்கிற நினைப்பா இது.

மூன்று வாரத்துக்கு முன்னால் வேணியும் மாப்பிள்ளையும் முதல் தடவையாக இங்கே வந்துவிட்டு நேரே பூரணத்தின் தையல் கடைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார், பொம்பளைகள் அளவு கொடுக்கிற இடத்துக்குள் வர அவருக்குக் கூச்சம், நல்ல மனிதர், ராஜபாளையத்தில் மில் சூப்பர்வைசர், அவரைக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மிஷின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து வேணி சொன்னாள். "ஜீன்னு ஒண்ணும்மா. அதுல எழுதியிருக்கிறபடி உடம்பு ஒரு புரதத்தைச் செஞ்சுக்குமாம். டிஸ்ட்ரோஃபின்னு பேரு. தசையில இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இழை இழையா ஒரு சட்டம் இருக்குமாம், வீட்டுக்குக் கம்பி கட்டுறாங்கள்ல, அது மாதிரி. வெளிய ஒரு மெல்லிசான தோல். உள்ள இருக்கிற இழையையும் வெளிய இருக்கிற தோலையும் சேர்த்துப் பிடிச்சுக்கிறதுதான் அதோட வேலை. வேற வேலையே கிடையாது." பூரணம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அப்ப லைனிங்கை மேல்துணியோட வச்சுத் தைக்கிற தையல் மாதிரியா?" என்று கேட்டாள். வேணி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றாள். "அந்தத் தையலைப் போடாம விட்டா என்னம்மா ஆகும்?" பூரணத்துக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா. போட்டுப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். கையைத் தூக்கும்போது லைனிங் ஒரு பக்கம் இழுக்கும், துணி ஒரு பக்கம் இழுக்கும், அக்குளில் விட்டுப்போகும். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வேணி தலையை ஆட்டினாள். "அதேதாம்மா. தம்பி ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் உள்ள கிழிஞ்சிருக்கு." பிறகு, ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தவள் மாதிரி, "அது அம்மா வழியாத்தான் வருமாம். அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். அன்றைக்குத் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டில் பூரணம் ஒரு கையை முன்பின்னாக மாற்றி வைத்துத் தைத்துவிட்டாள். முப்பது வருஷத்தில் செய்யாத தப்பு.

ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும். இந்த வார்த்தைதான் மூன்று வாரமாக அவளைத் தூங்கவிடாமல் பிடுங்கியது. ஏனென்றால் நடக்க வைத்தது அவள்தான். கதிரேசனுக்கு ஆறு வயசு, மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவான், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் இரண்டு தடவையாவது விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருவான், சோம்பேறி என்று இவளும் அவன் அப்பா குருவையாவும் சேர்ந்து முடிவுகட்டினார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதினோரு சுற்றுச் சுற்ற வைப்பாள். கல்தரை. வெறுங்கால். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நடப்பான், வயிறு முன்னால் தள்ளியிருக்கும், ஏழாவது சுற்றில் "அம்மா போதும்மா" என்பான். "இன்னும் நாலுதான்டா, நடடா என் ராசா." ராசா நடப்பான். ஒருநாள் உட்கார்ந்துவிட்டவன் முதுகில் ஓர் அடி வைத்தாள், ஓங்கி. அந்த அடியின் சத்தம் இப்போது இந்தக் குளிரில் கேட்கிறது. பதினோரு சுற்று, வாரத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை வருஷம், ஒரு சுற்றுக்கு நூறு அடி என்று வைத்துக்கொண்டால். வேண்டாம். பெருக்கிப் பார்க்க வேண்டாம். பிள்ளையாராவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம், தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு சும்மாத்தானே உட்கார்ந்திருந்தார். கெண்டைக்காலைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஏமாந்துபோனார்கள். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் உட்பட எல்லாரும் சொன்னார்கள், "கால் என்னா திரட்சி, பயில்வான் கால்மா இவனுக்கு." மற்ற தாய்மார்கள் என்றால் கண்ணு படப்போகிறது என்று சுற்றிப் போட்டிருப்பார்கள். பூரணம் முதல் தடவை அதைக் கேட்டபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதிரேசனுக்கு அப்போது நாலு வயசு. அதே வார்த்தையை அவள் வேறொரு காலைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். பலகையில் பதினெட்டு வந்தது. பதினேழு எப்போது போனது என்றே தெரியவில்லை.

முனியசாமி. அவளுக்கு நேர் இளையவன், இரண்டு வயசு வித்தியாசம். அவனுக்குப் போலியோ என்று ஊரே சொன்னது, கம்பவுண்டர் சொன்னார், அய்யா சொன்னார், ஆத்தா சொன்னாள், எழுத்துப்பூர்வமாக எங்கேயும் இல்லையே தவிர அதைக் கேள்வி கேட்டவர்கள் கிடையாது. போலியோ என்றால் காய்ச்சல் அடிக்கும், ஒரே ராத்திரியில் கால் விழுந்துவிடும், எதிர்த்த வீட்டு மாரியம்மாவுக்கு அப்படித்தான் விழுந்தது, குச்சிக் கால். முனியசாமிக்குக் காய்ச்சலே வரவில்லை. குச்சிக் காலும் இல்லை, பயில்வான் கால். அவன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனான். தரையிலிருந்து எழுந்திருக்கும்போது முதலில் குனிந்து கையைத் தரையில் ஊன்றுவான், அப்புறம் கையை முட்டியில் வைப்பான், அப்புறம் தொடையில், தன் உடம்பின் மேலேயே படி வைத்து ஏறுகிற மாதிரி ஏறி நிமிர்வான். நிமிர்ந்ததும் அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்பு. யாரோ சொன்னார்கள் என்று ஆற்று மணலில் இடுப்பு அளவு குழி தோண்டி அவனை நிற்க வைத்து மூடுவார்கள், கால் உறுதிப்படுமாம். காவலுக்குப் பூரணம். ஒருநாள் கொடுக்காப்புளி பொறுக்கக் கொஞ்சம் தூரம் போய்விட்டாள். பதினோரு வயசுப் பிள்ளை, எவ்வளவு நேரம்தான் மணலுக்குக் காவல் இருக்கும். திரும்பி வந்தபோது, "அக்கா, எறும்புக்கா" என்றான். அழவில்லை. எவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தானோ, குரல் கம்மிப்போயிருந்தது. கையால் மணலைத் தோண்டித் தோண்டி அவனை வெளியே இழுத்தாள். நகக்கண்ணில் மணல் ஏறி ரத்தம் வந்தது. இப்போதும் பூரணம் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டாள், ஊசித் தழும்புதான் இருக்கிறது. பதினாறு வயசில் மார்ச்சளி பிடித்துப் போய்விட்டான். அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. போட்டோ இல்லாதவனை இல்லை என்று எழுதிவிடுவது சுலபம். அல்லது போலியோ என்று எழுதலாம், அது பொய்யாகாது, எல்லாரும் அப்படித்தானே சொன்னார்கள், எழுதினால் எழுதின மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். பேனாவைக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். போலியோவுக்குக் கொம்பு போட ஒரு கீற்றுக்கூட இழுத்துவிட்டாள். பக்கத்தில் வேணியின் வளையல் அசைந்தது. பூரணம் கையை எடுத்துக்கொண்டாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மதுரையில், வேறொரு ஆஸ்பத்திரியில், வயசான டாக்டர் ஒருவர் கதிரேசனைத் தரையில் உட்காரச் சொன்னார், எழுந்திருக்கச் சொன்னார். அவன் கையை முட்டியில் வைத்தான், தொடையில் வைத்தான். டாக்டரின் முகம் மாறியது. அவர் கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டுனீங்களா?" கூட வந்திருந்த மாமியார், பூரணத்துக்கு அய்யாவுடன் பிறந்த அத்தை, வாயெல்லாம் பல்லாக, "ஆமாய்யா, என் அண்ணன் மகதான், முறைப்பொண்ணு" என்றாள். டாக்டர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவ்வளவுதான். அவர் அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். ஆனால் அந்த ஆட்டிய தலையைப் பூரணம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததாக அவர், "வீட்டுல வேற யாருக்காவது, உங்க அம்மா வழியில, இந்த மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டபோது, அத்தை திரும்பி இவளைப் பார்த்தாள். வெறும் பார்வைதான். வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்கு வந்துபோனவள், அவளுக்கு முனியசாமி என்றால் போலியோ. ஆனால் பூரணத்துக்கு அந்தப் பார்வைக்குப் பின்னால் வரப்போகிற வார்த்தைகள் எல்லாம் வரிசையாகக் கேட்டன, உன் ஆத்தா வீட்டுச் சீக்கு, அதை என் பேரனுக்குக் கொண்டாந்து சேத்துட்ட, நாசமாப் போனவளே. "இல்லைங்க டாக்டர்" என்றாள். ஒரு மூச்சில் சொன்னாள். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்றால் பழி இரண்டாகப் பிரிந்துவிடும், பாதி குருவையாவுக்கு, பாதி இவளுக்கு, கட்டி வைத்த பெரியவர்களுக்குக் கொஞ்சம், தலைக்கு இத்தனை என்று எல்லாரும் சுமந்துகொள்ளலாம். இவளுக்கு மட்டும் என்று இருக்காது. பயந்தாள். அதுதான் உண்மை, வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, மாமியாருக்குப் பயந்துகொண்டு தம்பியை இல்லை என்று சொன்னாள். சொன்னது நாளாக நாளாக உண்மை மாதிரியே ஆகிவிட்டது. ஊரில் யார் வீட்டில் முறை பேசினாலும் பூரணம் முந்திக்கொண்டு போய்ச் சொல்லுவாள், "சொந்தத்துல மட்டும் கட்டாதீக, என்னையப் பாத்துமா புத்தி வரலை." நாலு கல்யாணத்தையாவது அவள் நிறுத்தியிருப்பாள். ஐந்தாவது அவள் மகளுடையது.

சௌந்தரைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. அவளுடைய அண்ணன் தவசியின் மகன். வேணி பிறந்தபோதே இவளுக்கு அவன் என்று அண்ணி தொட்டிலில் வைத்துச் சொன்னாள். சொன்னதை விடுங்கள், சொல்லாமல் விட்டிருந்தாலும் அதுகள் இரண்டும் அப்படித்தான் வளர்ந்தன. கதிரேசனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தேரோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது சௌந்தர், பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வேணி. கதிரேசன் போன பிறகு தவசி அண்ணன் பெண் கேட்டு வந்தார். பூரணம் முடியாது என்றாள். சொந்தத்தில் கட்டி ஒரு பிள்ளையை வாரிக் கொடுத்தது போதாதா, பேரனையும் கொடுக்கவா என்றாள். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஏத்தா, நானும் கூடப் பொறந்தவன்தான். கதிரேசனுக்கு வந்தது நம்ம முனியசாமிக்கு வந்ததுதானத்தா. அதுக்கு என் மகன் என்ன செய்வான்?" என்றார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். பூரணம்தான் கத்தினாள். "செத்தவனை எதுக்கு இழுக்க? அவனுக்குப் போலியோ. உனக்குப் பொண்ணு வேணும்னா என் தம்பியை எடுத்து விப்பியா?" அண்ணனும் கத்தினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது, படி ஏறவில்லை. கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட ஆளில்லாமல், பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைப் பிடித்து நிறுத்தினார்கள். மாலைக்குக் கழுத்தை நீட்டிக் குனிந்த வேணி, கண்ணை மட்டும் உயர்த்தி மண்டப வாசலைப் பார்த்தாள். பூரணமும் பார்த்தாள். வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்கள்தான் நின்றார்கள். சௌந்தர் திருப்பூரில் யாரையோ கட்டி இப்போது இரண்டு பிள்ளைகள். நன்றாக இருக்கிறான் என்று கேள்வி. இருபது என்று பலகை மாறியது.

சரி, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் வேணியின் ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள், அந்த ஜீனில் எழுபத்தொன்பது துண்டுகள் உண்டாம், மனிதனுக்குள் இருப்பதிலேயே நீளமானது அதுதானாம், எந்தத் துண்டாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுவார்களாம். முடிவு உள்ளே வந்து கிடக்கிறது. மிஷினே சொல்லிவிடுமே, இவள் எதற்கு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்துவிட்டால் முனியசாமி அவன் பாட்டுக்கு மணலுக்குள் இருக்கட்டும். பெண்பிள்ளையாகப் பிறந்துவிட்டால் அதுவும் தப்பித்துவிடும், பூரணம் தப்பித்தாளே, அந்த மாதிரி. தப்பித்தாளா. தையல் மிஷினை மிதித்து மிதித்து முப்பது வருஷமாக உறுதியாக இருக்கிற தன் கால்களைப் பார்த்தாள். இந்தக் கால்களுக்கு ஒன்றும் வரவில்லை. இதற்குள்ளேயே ஒளிந்துகொண்டு இருந்துவிட்டு, பிறந்த ஆண்பிள்ளையைப் போய்ப் பிடித்திருக்கிறது. "எழுதிட்டியாம்மா?" என்றாள் வேணி, பலகையைப் பார்த்தபடியே. "கண்ணாடி கொண்டாரலை" என்றாள் பூரணம். கண்ணாடி அவள் மூக்கின் மேல் இருந்தது. இருபத்தொன்று விழுந்தது.

உள்ளே இருந்த பெண்ணுக்கு ஹெலன் என்று பெயர், பரம்பரை நோய்களுக்கு ஆலோசனை சொல்கிறவள், வேணி வயசுதான் இருக்கும். டாக்டரம்மா மாதிரி விறைப்பு இல்லை, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். மேஜைமேல் ஒரு காகிதத்தில் வட்டமும் கட்டமும் வரைந்து கோடுகளால் இணைத்திருந்தது. பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டமாம். வேணி ஒரு வட்டம். பக்கத்தில் மை பூசிக் கறுப்பாக்கிக் குறுக்கே ஒரு கோடும் இழுத்த கட்டம், அது கதிரேசன் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அதற்கு மேலே பூரணம், ஒற்றை வட்டம், அவளைச் சுற்றி வெறும் வெள்ளை. "ரிப்போர்ட் வந்துருச்சு" என்றாள் ஹெலன். "எழுபத்தொன்பது துண்டும் இருக்கு. எதுவும் விட்டுப்போகலை." வேணியின் தோள் இறங்கியது. பூரணத்துக்கு எழுந்து யாரையாவது கும்பிட வேண்டும் போல இருந்தது. "ஆனா இது முழுப் பதில் கிடையாது. துண்டு துண்டா எல்லாம் இருந்தாலும், நடுவுல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தா இந்த டெஸ்ட்டுல தெரியாது. தம்பி ரத்தம் இருந்திருந்தா ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம், இப்ப வழியில்லை. அதனாலதான் அம்மாவை வரச் சொன்னேன். அம்மா, இந்த நோய் இருக்கிற மூணு பிள்ளைகள்ல ஒரு பிள்ளைக்கு இது புதுசாவே வரும், அம்மாகிட்ட இருந்து இல்லாம. உங்க பக்கத்துல வேற யாருக்கும் இல்லைன்னா அப்படி இருக்கவும் வாய்ப்பு இருக்கு. இந்த ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்த்தா, வேணிக்குப் பயம் ரொம்பக் குறைவு. வீட்டுக்குப் போய் நிம்மதியா இருக்கலாம்." "இருந்தா?" என்றாள் வேணி. "இருந்தா நிம்மதியா இருங்கன்னு நான் சொல்ல முடியாது. அம்மா ரத்தத்தை எடுத்து எழுத்து எழுத்தாப் படிச்சுப் பார்க்கணும், அதுக்கப்புறம் பிள்ளைக்குப் பார்க்கணும். நாள் கம்மியாத்தான் இருக்கு. சொல்லுங்கம்மா, உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

"ஒரு அண்ணன்" என்றாள் பூரணம். ஹெலன் ஒரு வெள்ளைக் கட்டம் வரைந்தாள். தவசி அண்ணன் எவ்வளவு சின்னதாக, ஒழுங்காக இருந்தார். "அவ்வளவுதானா?" ஹெலனின் பென்சில் காகிதத்துக்கு மேலே நின்றது. வேணி இப்போதும் தாயைப் பார்க்கவில்லை, அந்தப் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொன்னால் முடிந்துபோகும். மாப்பிள்ளைக்குப் போன் போடலாம். வெளியே போய் வேணிக்கு மாதுளம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுக்கலாம். ஏழு மாசம் சந்தோஷமாக இருக்கலாம், அதற்குப் பிறகும் நாலு வருஷம். நாலு வருஷம் கழித்து ஒரு நாள் பால்காரர் வந்து, கால் என்னா திரட்சி என்பார். அப்போது வேணி திரும்பி இவளைப் பார்ப்பாள். இல்லை, அவளுக்குத் தெரியாதே, அவள் எதற்குப் பார்க்கப் போகிறாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றத்தான் போவாள். அம்மா போதும்மா. இன்னும் நாலுதான்டா. பூரணத்தின் நகக்கண்கள் வலித்தன. மணல் ஏறிய மாதிரி, நிஜமாகவே வலித்தன. "ஒரு தம்பி" என்றாள். குரல் கம்மியிருந்தது. "முனியசாமின்னு பேரு. பதினாறு வயசுல செத்துட்டான். போலியோன்னு சொன்னாக. போலியோ இல்லைம்மா அது. என் மகன் எந்திரிக்கிற மாதிரியேதான் அவனும் எந்திரிப்பான். எனக்குத் தெரியும். கதிரேசனுக்கு நாலு வயசு ஆனதுல இருந்து தெரியும்." ஹெலன் பூரணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டாள், மெதுவாகக் கறுப்புப் பூசினாள், குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். போட்டோ இல்லாதவனுக்கு அது ஒன்றுதான் படம். பிறகு பூரணத்தின் வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தாள், தனக்கு வராமல் பிள்ளைக்குக் கடத்துகிறவள் என்று அர்த்தமாம். வேணியின் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. "இப்ப வேணிக்கு எவ்வளவு வாய்ப்புன்னு நான் புதுசாத்தான் பார்க்கணும், முன்னால சொன்னதை மறந்துடுங்க" என்றாள். வேணி, "மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நான் சொந்தத்துல கட்டியிருந்தா? மாமா மகனை?" ஹெலன் தலையை ஆட்டினாள். அந்தப் பழைய டாக்டர் ஆட்டிய மாதிரியேதான் பூரணத்துக்குத் தெரிந்தது. "இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை வேணி. இது அம்மா வழியா நேரா வர்றது. உங்க மாமா நல்லா நடமாடுறார்னா அவர்கிட்ட இது இல்லை, அவர் மகன்கிட்டயும் இருக்காது. நீங்க யாரைக் கட்டியிருந்தாலும் இதேதான்."

ரத்தம் எடுக்கிற அறை நடைபாதையின் அந்தக் கோடியில் இருந்தது. வேணி முன்னால் நடந்தாள், பூரணம் பின்னால். அறைவாசலில் வேணி நின்றாள். அழவில்லை, கோபமாகவும் இல்லை, ரொம்பக் களைத்துப்போன முகமாக இருந்தது. "மாமா வந்து சத்தம் போட்டாருல்ல, அன்னிக்கு நான் அடுப்படியிலதான்ம்மா இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு. எங்கம்மா பொய் சொல்லாது, மாமாதான் பொண்ணு வேணும்னு எதையோ சொல்றாருன்னு நினைச்சுக்கிட்டேன். மூணு வாரத்துக்கு முன்னால இந்தம்மா படம் போட்டுக் காட்டுறப்பத்தான் முனியசாமின்ற பேரு ஞாபகம் வந்துச்சு." பூரணம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "மூணு வாரமா உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு நீ சொல்லலைன்னா நானே சொல்லணும்னுதான் வந்தேன். சொல்லிட்ட. இந்தப் பிள்ளைக்காகச் சொல்லிட்ட." வேணி வயிற்றின் மேல் கையை வைத்தாள், இன்னும் ஒன்றும் தெரியாத வயிறு. "எனக்காக அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா."

நர்ஸ் கூப்பிட்டாள். பூரணம் உள்ளே போய் உட்கார்ந்து கையை நீட்டினாள், ரப்பரை மேலே கட்டி, "கையை நல்லா இறுக்கி மூடுங்கம்மா" என்றார்கள், மூடினாள். ஊசி ஏறியது. எத்தனையோ ஊசி ஏறிய கைதான், ஆனாலும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தன் ரத்தம் சின்னக் குழாயில் ஏறுவதைப் பார்த்தாள், கறுப்பாக இருந்தது, இதற்குள்தான் எங்கேயோ ஓர் எழுத்து. கதவு பாதி திறந்திருந்தது. வெளியே வேணி போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். மாப்பிள்ளையிடம் சொல்லப்போகிறாள், பாவம் அந்த மனிதர், மில் சத்தத்தில் சரியாகக் கேட்காது, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். "மாமா" என்றாள் வேணி. அவள் புருஷனை அப்படிக் கூப்பிடுவதில்லை. "நான் வேணி பேசுறேன். அருப்புக்கோட்டை வேணி. நல்லாருக்கீங்களா மாமா?" அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, வேணி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "இல்ல மாமா, ஒண்ணும் இல்ல. அம்மாவும் இங்கதான் இருக்கு. நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதான் மாமா. யாராச்சும் உங்ககிட்டச் சொல்லணும்ல." அப்புறம்தான் அவள் அழுதாள், நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, தாய்மாமனிடம் அழுகிற மாதிரி. நர்ஸ் ரப்பரைத் தளர்த்தி, பஞ்சை வைத்து அழுத்தி, "முடிஞ்சுதும்மா, கையைத் திறங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் சொன்னாள். பூரணத்துக்குக் கேட்கத்தான் செய்தது. விரல்கள் திறக்கவில்லை.